பெரிய மீன் வேகும்வரை

கபித்தலீனா முள்ளில்லாத மீனில் அப்பம் சுடுகிறாளாம். கடைக்காரி சொன்னாள் என்று படகுத்துறையில் யாரோ சொல்ல, அதை ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து கபித்தலீனாவின் சமையலறையில் இறக்கி வைத்தாள் பக்கத்து வீட்டு லுக்கேரியா.

"யாருடி சொன்னா?"

"நான் சொல்லல. நான் கேட்டேன். கேக்கறது ஒரு தப்பா?"

"கேட்டுட்டு நீ என்ன சொன்னே?"

"கபா அப்படிப்பட்டவ இல்லன்னு சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"நீ எதுக்குடி சிரிச்சே?"

"எல்லாரும் சிரிக்கிறப்போ நான் மட்டும் மொறைச்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

வெள்ளைக் கடலுக்கு ஒரு நாள் படகுத் தூரத்தில், ஆற்றின் வளைவில் இருக்கும் அந்த ஊரில், ஒரு பெண்ணைப் பற்றி இதைவிடக் கேவலமாகப் பேச முடியாது. அங்கே மீன் அப்பம் என்றால் முழு மீன். தலை, வால், முள் எல்லாம் அப்படியே கம்பு நிறத்து ரை என்ற தானிய மாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே வெங்காயமும் உப்பும். சுட்டு எடுத்து மேல்மூடியைக் கத்தியால் சுற்றி அறுத்துத் தூக்கினால் ஆவியோடு மீன் முழுசாகக் கிடக்கும். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் சதையில் ஒட்டாமல் சீப்பு மாதிரி வர வேண்டும். வந்தால் சுட்டவளுக்கு மரியாதை. முள்ளெடுத்த மீன் துண்டங்களைக் கடையில் பாக்கெட்டோடு வாங்கி மாவில் வைத்து மூடுவது பள்ளிக்கூட விடுதிச் சமையல்காரிக்குத்தான் அழகு.

இதில் கபித்தலீனாவை அதிகமாகச் சுட்டது எதுவென்றால், அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. போன பனிக்காலத்தில் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டபோது ஒரே ஒரு பாக்கெட் வாங்கினாள். பூனைக்கு என்று கடையில் சொன்னாள். அவளிடம் பூனை கிடையாது என்பது கடைக்காரிக்குத் தெரியும் என்பதை வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசித்தாள். அந்த அப்பத்தை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தனியாகத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள் லுக்கேரியா, எழுந்து போவதுபோல எழுந்து, போகாமல் நின்றுகொண்டு. "அங்க நிக்காந்தரும் இருந்தாரு."

கபித்தலீனா மேஜையில் இல்லாத துகளைத் துடைத்தாள்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் இந்தத் துடைப்பின் அர்த்தம் விளங்காது. கபித்தலீனா யெகோரவ்னா அந்த ஊர்த் தபாலாபீசின் ஜன்னலுக்குப் பின்னால் தன் இளமையையும் நடுவயதையும் கழித்தவள். முகவரியைத் தப்பாக எழுதியவர்களைத் திருத்தித் திருத்தி, ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் அங்கே வைத்திருக்கும் அப்பத்தின் அடியை விரல்கணுவால் தட்டிப் பார்ப்பாள். கிணுக்கென்று கேட்டால் வெந்திருக்கிறது. பொத்தென்று கேட்டால், துக்கத்தில் இருப்பவளிடம் தாழ்ந்த குரலில், "இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்மா" என்பாள். அவள் புருஷன் யெஃபீம் வாழ்நாள் முழுக்கப் பேச வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதைப் பாராட்டு என்றே அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

நிக்காந்தர் சாவிச் முன்பு ஆற்றுப் படகு ஓட்டியவர். மனைவி இல்லை. இப்போது படகு எஞ்சின் பழுது பார்க்கிறார். இரண்டு வசந்தத்துக்கு முன்னால் கபித்தலீனாவின் படகு எஞ்சினைச் சரிசெய்ய வந்தார். சரிசெய்தார். அடுத்த ஞாயிறு அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அந்த ஆறு நெடுகத் தேடினாலும் இத்தனை நலம் விசாரிக்கப்பட்ட எஞ்சின் வேறு கிடைக்காது. இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். ஊருக்கு அவர்களுக்கு முன்னாலேயே தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை.

இப்போது நகரத்தில் இருக்கும் அவர் மகள் ரீம்மா, இந்தக் குளிர்காலத்துக்குத் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். ஆறு உறையப்போகிறது. செவ்வாய்க்கிழமை கிளம்புவதுதான் கடைசிப் படகு. குளிர்காலத்துக்கு மட்டும் என்று அப்படிப் போன கிழவர்கள் யாரும் அந்த ஊருக்கு வசந்தத்தில் திரும்பியதில்லை. பேரப்பிள்ளை, மின்தூக்கி, சுடுதண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாகக் காலைக் கட்டிவிடும்.

"ஞாயித்துக்கிழமை உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம்," என்றாள் லுக்கேரியா. "கேட்டுட்டுத்தான் மகளுக்குப் பதில் சொல்வாராம். என்கிட்டயே சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

"அதான் சொல்றியா?"

"நீ யாரோவா?"

மறுநாள் காலை கபித்தலீனா மீன்காரன் தீஹனிடம் போய் நின்றாள். இருப்பதிலேயே பெரிய பல்லுக்காரி வேண்டும் என்றாள். முதலை மாதிரி நீண்ட வாய் கொண்ட ஆற்று மீனுக்கு அங்கே அதுதான் செல்லப்பெயர்.

"ரெண்டு நடுத்தரமா எடுத்துக்குங்க அக்கா," என்றான் தீஹன். "இது ஒங்க அடுப்புக்குள்ள நொழையாது."

"என் அடுப்ப நீ எப்பப் பாத்தே?"

"மீனப் பாத்திருக்கேனே."

அவள் அந்தப் பெரியதைத்தான் வாங்கினாள். பையில் தலைமட்டும்தான் அடங்கியது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நேராக வீட்டுக்குப் போகும் சந்து வழியை விட்டுவிட்டு, படகுத்துறை வழியாகச் சுற்றி, கடைவாசலில் நின்று உப்பு விலை கேட்டு, வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஊர் விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெரிய மீன் அப்பம். அதன் மூடியை விருந்தாளிதான் திறக்க வேண்டும். பிறகு சூப்பு, கஞ்சி, பெர்ரிப் பழக்கூழ், டீ, பேச்சு. கடைசியில் நவாகா என்ற சின்னக் கடல் மீனை வைத்து, ஓரத்தைக் கயிறு மாதிரி முறுக்கிச் சுட்ட ஒரு குட்டி அப்பம் வரும். அதற்குப் பெயர் கிளப்பி. கிளப்பி மேஜைக்கு வந்தால் போதும், வாயில் இருக்கும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு துண்டு மரியாதைக்குத் தின்று, நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் உட்கார்ந்திருப்பவன் மானமில்லாதவன். யாரும் யாரையும் போ என்று சொல்வதில்லை. அப்பம் சொல்லிவிடும். கிளப்பி சுடாமல் விருந்து வைப்பவளுக்கு வீடு நடத்தத் தெரியாது என்பார்கள். ஆகவே ஒற்றை ஆள் விருந்துக்கும் கபித்தலீனா அதைச் சுட்டே தீருவாள்.

ஞாயிறு காலையில் விறகை எரித்து, கங்குகளை வாரி ஒதுக்கி, செங்கல் அடுப்பின் வயிற்றைச் சூடாக்கி வைத்தாள். பல்லுக்காரி குறுக்காகவும் நுழையவில்லை, மூலைக்கு மூலையாகவும் நுழையவில்லை. கடைசியில் வாலை மடக்கி மாவில் சுருட்டினாள். அப்பம் பார்ப்பதற்குக் குளிர்கோட்டு போட்டுப் படுத்திருக்கும் குழந்தை மாதிரி இருந்தது. பக்கத்தில் கிளப்பியையும் தள்ளினாள்.

கிளப்பி நேரத்தோடு வெந்தது. பெரியது வேகவில்லை. தட்டினாள். பொத்தென்றது. உள்ளே தள்ளி மூடினாள். கொஞ்சம் பொறுத்து அடுப்பு மூடியைத் திறந்து மறுபடி தட்டினாள். பொத். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு வெளியே போகிறது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

நிக்காந்தர் வந்தார். தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். எஞ்சின் எண்ணெய் வாசத்தின் மேல் ஏதோ வாசனைத் தைலத்தைத் தடவியிருந்தார். இரண்டும் ஒன்றையொன்று தோற்கடிக்கப் பார்த்தன.

"எஞ்சின் எப்படி இருக்கு, கபித்தலீனா யெகோரவ்னா?"

"படகக் கரையேத்திக் கவுத்து வெச்சு ஒரு வாரமாச்சு. தூங்குது."

"ம். தூங்கட்டும்."

டீ ஊற்றினாள். மேஜையில் பெரிய அப்பத்துக்கென்று விட்டிருந்த இடம் ஒரு மைதானம்போலக் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு முழுக்க மீன் வாசம். நிக்காந்தரின் வயிறு ஒரு சத்தம் போட்டது. அவர் அதை மறைக்க நாற்காலியை இழுத்தார்.

அவள் எழுந்துபோய்த் தட்டினாள். பொத்.

"ஆறு ஓரத்துல பனிக்கட்டி தட்டிடுச்சு," என்றார் அவர்.

"ஆமா. பாத்தேன்."

"ரீம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

"பொண்ணுன்னா கூப்பிடத்தான செய்வா."

"அதான்." அவர் டீக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். "கபித்தலீனா யெகோரவ்னா, நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

கபித்தலீனாவின் பார்வை அடுப்புப் பக்கம் போனது. இந்த மனுஷன் படகுத்துறையில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார். இப்போது காலி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சுடவே தெரியாதவள், மீனை மறைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? கேட்க வந்ததைக் கேட்காமல் போய்விட்டால்? ஏதாவது ஒன்றை, முள்ளோடு, இப்போதே அவர் முன்னால் வைத்தாக வேண்டும்.

"மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் கேக்கலாம்," என்றாள். துணிக்கு அடியிலிருந்து, வெந்து ஆறிய குட்டி அப்பத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். கத்தியையும் பக்கத்தில் வைத்தாள்.

நிக்காந்தர் அப்பத்தைப் பார்த்தார். கயிறு மாதிரி முறுக்கிய ஓரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளோ, எதிர்வீட்டுக் கூரைவரை நீளும் ஒரு பெருமூச்சோடு நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றார் அவர் மெதுவாக. ஒரு துண்டு வெட்டினார். தின்றார். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"ரொம்ப நன்றி. நல்லா வெந்திருக்கு."

"கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பணும்ல. புரியுதுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

எது புரிந்தது, எதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு துண்டோடு எழுந்துபோகும் ஒருவரிடம் ஏன் என்று கேட்பது தபாலாபீஸ் ஜன்னலில் வளர்ந்த கௌரவத்துக்கு ஒத்துவரவில்லை. "சரி, பாத்துப் போங்க, படி வழுக்கும்," என்றாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடியே வாசலைத் தாண்டினார். அந்தக் குளிரில் தொப்பியைப் போட மறந்தவரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

வேலிக்கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் லுக்கேரியா உள்ளே வந்துவிட்டாள். அவ்வளவு நேரமும் அவள் தன் ஜன்னலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செடி மிதந்திருக்கும்.

"என்னடி, அதுக்குள்ள போயிட்டாரு? கேட்டாரா?"

"கேக்க வந்தாரு. சாப்பாடு வெச்சேன். தின்னுட்டுப் போயிட்டாரு. ஆம்பளைங்க எல்லாரும் ஒண்ணுதான்."

"என்ன வெச்சே?"

"அப்பம்."

லுக்கேரியா மேஜையைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"கபா. இது கிளப்பி."

"அதுக்கென்ன, பெருசு வேகல, அதனால இத..." என்றவள் அங்கேயே நின்றாள்.

லுக்கேரியாவுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. நிற்க முடியாமல் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தாள். "அந்த மனுஷன் உன்னக் கட்டிக்கிறியான்னு கேக்க வாயெடுத்தாரு. நீ எந்திரிச்சுப் போய் அவரு மூஞ்சிக்கு நேரா கிளப்பிய வெச்சுட்டு, பல்லக் காட்டி நின்னியா? என் புருஷன் பொண்ணு பாக்க வந்தப்ப எங்க அத்தகூட அவர இவ்ளோ தெளிவா வெரட்டல."

"சிரிக்காதடி. அவரு நேராப் போய் ரீம்மாவுக்குப் போன் போடுவாரு."

"அப்ப ஓடு."

"ஓடறதா? ஜன்னலுக்கு ஒரு தலை நீட்டிக்கிட்டிருக்கு. நானே கிளப்பி வெச்சு அனுப்பிட்டு நானே பின்னாடி ஓடினா பைத்தியம்னுவாங்க."

"அப்ப போன் போடு. ஆறு உறையற வரைக்கும் இங்க நின்னு பேசுவியா?"

"போட்டு என்னன்னு சொல்றது?"

"நடந்தத சொல்லு. மீன் வேகலன்னு சொல்லு."

கபித்தலீனா அவளை ஏதோ ஆபாசமாகப் பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "என் வாயால? நான் சுட்ட அப்பம் வேகலன்னு நானே சொல்லணுமா?"

"வேற யாரு சொல்லுவா? வேணும்னா நான் போட்டுச் சொல்றேன். கூடவே கடைக்காரிக்கும் சொல்லிடறேன், ஒரு வேலை மிச்சம்."

"கைய வெச்சின்னா பாரு."

கைபேசியை எடுத்தாள். கண்ணாடியைத் தேடினாள். பெயரைத் தேடினாள். அந்தப் பெயர் வரிசையில் முதலாவதாகவே இருந்ததை லுக்கேரியா கவனித்தாள், ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. கபித்தலீனா எண்ணைத் தொட்டுவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்துப் பழகிப் பார்த்தாள். மீன் கொஞ்சம் பெருசு. அடுப்பு கொஞ்சம் ஆறிப்போச்சு. இல்லை, அப்படியில்லை. தலையை ஆட்டினாள். மறுபடி முதலிலிருந்து.

மணி அடித்தது.

மறுகையால் அடுப்பு மூடியைத் தள்ளி, பெரிய அப்பத்தைத் தட்டினாள். கிணுக்கென்றது.

"வெந்துடுச்சு," என்று கிசுகிசுத்தாள் லுக்கேரியா. "மூடியத் தெறந்து பாப்போமா?"

"கை ஒடியும். விருந்தாளி தெறக்கணும்." தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசியை இடுக்கிக்கொண்டு, அப்பத்தை இழுத்து மேஜையில் காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தாள். துண்டைப் போட்டு மூடினாள். அது போதாது என்று கதவருகில் தொங்கிய தன் கம்பளிக் கோட்டையும் எடுத்து மேலே போர்த்தினாள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குச் சூடு தாங்கும். ஜன்னல் வழியே கீழே ஆற்றங்கரையில் அவர் வீட்டு வாசல் தெரிந்தது. திண்ணையின் மேல் பயணத்துக்குக் கட்டி வைத்த பெட்டி ஒன்று இருந்தது. ஆளைக் காணோம்.

"எடுக்கலையா?"

"உஷ்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. கபித்தலீனா நிமிர்ந்து நின்று, தலைத்துணியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நிக்காந்தர் சாவிச், மீன் வேகல," என்றாள் சத்தமாக, ஒத்திகைக்கு.

மணி அடித்தது.