பிளவக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் படித்தேன்

என் வீட்டுக்காரி நார்வேயில நர்ஸ். மூணு வருஷம் கழிச்சு லீவுல ராஜபாளையம் வந்தவ, எனக்குச் சட்டை கிட்டை கொண்டாரல. சக்கரம் வச்ச ரெண்டு நீளக் கட்டையக் கொண்டாந்தா. அங்க பனியில சறுக்கிப் போற ஸ்கீய, பனியில்லாத ஊர்ல பழகுறதுக்காம். தை பொறந்ததும் நானும் அவகூட அங்க போறதா ஏற்பாடு.

"அங்க நார்வேயில நான் கோயிலுக்குப் போற வழியில பனி இறக்கம் ஒண்ணு இருக்கு. விழாம இறங்கிட்டீயன்னா ரெண்டு பேரும் ஸ்கீயிலயே சேந்து பூசைக்குப் போலாம். இல்லன்னா நீங்க மட்டும் பஸ்ல சுத்தி வாங்க"ன்னுட்டா.

கல்யாணமாகி நாங்க சேந்து கோயிலுக்குப் போனதே ஏழெட்டு மாசந்தான். பஸ்ஸாவது மண்ணாவது!

பிளவக்கல் ரோட்டுல ஒரு இறக்கமாப் பாத்து ஏறி நின்னேன். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல மொபெட் ஸ்பேர்ஸ் கடை. ஆனா என் வண்டிக்குப் பிரேக் மாத்தினதே இல்ல. செருப்புக் காலத் தரையில தேச்சுத்தான் நிறுத்துவேன். அந்தப் பழக்கத்துல வேகம் எடுத்ததும் ஒரு காலத் தூக்கி ஊனினேன். அந்தக் கால்லயும் சக்கரம்லா இருக்கு! நேரா கருவேலமுள்ளுக்குள்ள போயி விழுந்தேன்.

ஆடு மேய்ச்ச அக்கா ஒருத்தி, "நல்லாத்தான இருந்தாரு மனுசன்"னு தலையில அடிச்சுக்கிட்டா.

"பெருவிரல் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கட்டும். குதிய வெளிய தள்ளுங்க. முட்டிய மடக்கி அமுக்குங்க"ன்னு இவ கத்துனா. பயத்துல குனிஞ்சா வேகம் கூடுது. கொஞ்சம் நிமிந்தா காத்தே பிடிச்சு வேகத்தக் கொறைக்குது. இது புரியறதுக்குள்ள எம்புட்டு சிராய்ப்பு!

ஒம்பதாம் நாள் குதியத் தள்ளித் தள்ளி, மாட்டுவண்டி வேகத்துல இறங்கி, அவ முன்னால வந்து நின்னேன். எனக்குச் சந்தோசம் தாங்கல. "எப்படி!"ன்னேன்.

அவ சிரிக்கல. என் முழங்கையப் பிடிச்சுக்கிட்டா. "முத வருஷம் அங்க கோயில் இறக்கத்துல நான் உக்காந்துதான் சறுக்கிப் போனேன். விழுந்தா தூக்கிவிட ஆளில்ல. நனைஞ்ச துணியோட பின்னால நின்னு பூசை பாப்பேன்."

எனக்குச் சுள்ளுன்னு கோவம். போன்ல ஒரு நாள் கூட இவ இதச் சொன்னதில்லையே!

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே திரும்பி வான்னு சொல்லியிருப்பீய."

சொல்லியிருப்பேன்தான்.