நத்தையை விரட்டிய லத்தீன் ஏடு

திருமணமாகி இரண்டு வருடமாகியும் என் மாமனார் என்னை ஒருமுறைகூட மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. மகளிடம் பேசும்போது நான் ‘அந்த ஆண்டிபட்டிக்காரர்’. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம், ஞாயிறு தவறாத பூசை என்று வாழ்கிற மனிதர். மகள் ஓர் இந்துப் பையனைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டதை அவரால் விழுங்க முடியவில்லை.

வேலை விஷயமாக வெளிநாடு போனபோது, பழைய புத்தகக் கடையொன்றில் அதைப் பார்த்தேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் கையால் எழுதிய லத்தீன் ஜெபப் புத்தகத்திலிருந்து பிரிந்த ஒற்றை ஏடு. முதல் எழுத்துக்குள் மாதா. சுற்றிலும் தங்க இலை விட்ட திராட்சைக் கொடி. மாமனாருக்கென்றே வரைந்தது போல இருந்தது. விலை கையைக் கடித்தது. ஆனாலும் வாங்கிச் சட்டம் போட்டு, ஊருக்குக் கிளம்பிய மனைவியிடம் கொடுத்தனுப்பினேன்.

மாமியார் கண்ணாடிக்கு மேலேயே நகத்தால் சுரண்டிப் பார்த்து, "உருக்குனா எத்தன மில்லி தங்கம் தேறும்?" என்று கேட்டாராம். மாமனாரோ மாதாவைக் கும்பிட்டுவிட்டு, ஓரத்துக் கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். அங்கே இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன், தன் உயரத்துக்கு இருந்த நத்தையோடு ஈட்டி தூக்கிச் சண்டை போடுகிறான். அந்தக் காலத்தில் ஓரங்களில் இப்படி விளையாட்டாக வரைவார்கள். ஆனால் அந்த வருட மழைக்கு மாமனாரின் தோட்டம் முழுக்க நத்தை அப்பிக்கிடந்தது.

அடுத்த வாரம் மனைவி போனில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அப்பா அதக் கொண்டுபோயி திராட்சப் பந்தக்கால்ல கட்டிட்டாக. அந்த ஈட்டிக்காரரு நத்தைய வெரட்டுற புனிதராம்."

இத்தனை காலம் வெயில் படாமல் பிழைத்த ஏடு, மருந்தடிக்கிற தோட்டத்தில்! அருங்காட்சியகக்காரர்கள் கேட்டால் அழுதேவிடுவார்கள். அன்றே தேனியில் பஸ் ஏறினேன். எப்படிக் கேட்டுக் கழற்றி வாங்குவது என்று சின்னமனூர் வரை மனதுக்குள் வசனம் பேசிக்கொண்டே போனேன்.

பந்தலடியில் மாமனார் நின்றிருந்தார். ஏட்டின் மேல் உர மூட்டை பிளாஸ்டிக் போர்த்தியிருந்தது. கீழே பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏற்றிய மெழுகுவர்த்திகள் உருகிக் கிடந்தன. தோட்டத்தில் நத்தையைக் காணோம். மழை விட்டதால்தான் குறைந்தது என்பது என் கணக்கு.

"வாங்க மாப்ள," என்றார்.

பேசிவைத்த வசனமெல்லாம் மறந்துபோனது. நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைப்பானேன்?

"நத்த ஒண்ணு இல்லாம ஓடிப்போச்சு. இங்கன காட்டுப்பன்னித் தொல்லதான் தாங்கல. பன்னி போட்ட ஏடு கெடைக்குமா?"

"தேடிப் பாக்குறேன் மாமா," என்றேன். பிளாஸ்டிக் ஒரு பக்கம் விலகியிருந்தது. அதை இழுத்துக் கட்டிவிட்டு, யானைக்கும் ஒன்று வேண்டுமா என்று நானே கேட்டேன்.