கர்த்தர் கொடுத்த வண்டி இடது பக்கம் இழுத்தபோது

போன வருஷம் ஜூன் மாதம் என் வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் அதுவல்ல. எங்கள் கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டே போனது. அதை நேராக ஓட்டுவதற்கு நான் ஸ்டீரிங்கை வலது பக்கம் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வலியோடு ஒரு பயமும் இருந்தது. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் ரூபி. ஆவடியில் குடியிருக்கிறோம். இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சியை நம் சபையில் பலர் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை மறைத்தது என் தவறு. ஆண்டவர் அந்தத் தவறிலிருந்து என்னையும் என் வீட்டாரையும் எப்படித் தூக்கியெடுத்தார் என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் ஜெயசீலனுக்கு பைக் விபத்தில் வலது கால் முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். முட்டி முழுசாக மடங்காது. வாரம் இரண்டு நாள் பூந்தமல்லியில் பிசியோதெரபி. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவில் காலை நீட்ட இடம் இருக்காது. ஒரு சின்ன வண்டியாவது கிடைக்க வேண்டும் என்று ஒரு வருஷம் ஜெபித்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம், எங்கள் கம்பெனியில் ஒரு சார் வெளிநாட்டு வேலை கிடைத்துக் கிளம்பினார். அவருடைய பத்து வருஷப் பழைய சிவப்புக் காரை எங்கள் கைக்கு எட்டுகிற விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்திரண்டு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

பாஸ்டர் பானெட்டின் மேல் கை வைத்து ஜெபித்தார். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சாட்சி சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "கர்த்தர் கொடுக்கிறதில் ஒரு குறையும் இருக்காது" என்று முத்தாய்ப்பும் வைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். அன்றிலிருந்து அந்த வண்டிக்குப் பெயரே கர்த்தர் கொடுத்த வண்டி. சபை வாசலில் இடம் போதவில்லை என்றால், "சிஸ்டர், கர்த்தர் கொடுத்த வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்பார்கள். கேட்கும்போது மனசு நிறைந்துவிடும்.

கர்த்தர் கொடுத்ததைக் கர்த்தருக்கும் உபயோகப்படுத்த வேண்டும் இல்லையா? இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் தேவராஜ் அங்கிளை ஞாயிறுதோறும் ஏற்றிக்கொண்டு போவேன். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துபோன மனுஷர். பின் சீட்டில் எனக்கு நேர் பின்னால் அவர் உட்காருவார். பக்கத்தில் என் மகள் ஷாரன், ஒன்பதாம் வகுப்பு. வண்டி கிளம்பின உடனேயே கண்ணை மூடிக்கொள்வாள். படிப்புக் களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இழுக்க ஆரம்பித்தபோது, குறை நான் ஓட்டுவதில்தான் என்று நினைத்தேன். "ரூபி, நேராப் பிடி" என்பார் என் கணவர். "நேராத்தாங்க பிடிக்கிறேன், வண்டிதான் போகுது" என்றால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இங்கே கூடம் நிஜமாகவே கோணல். காற்று சரிபார்த்தேன். வீல் அலைன்மென்ட் செய்தேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் இழுத்தது. கூடவே பள்ளத்தில் இறங்கினால் முன்னால் இடது சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

ஜூலையில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் மெக்கானிக் ரசாக் பாயிடம் கொண்டுபோனேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது.

"இன்னாக்கா, இத்த ஓட்டிகினா வந்தே? உள்ள பால் ஜாயிண்ட் போயிகீது. சக்கரத்த வண்டியோட பிடிச்சுகினு கீறதே அதான். உட்டுட்டுப் போ, ரெண்டு நாள்ல மாத்திக் குடுத்துர்றேன்."

"அடுத்த வாரம் விடுறேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். பாய் கடை நம் சபை வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. கர்த்தர் கொடுத்த வண்டி இரண்டு நாள் சக்கரம் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். குறையே இருக்காது என்று மைக்கில் சொன்னவள் நான். என் சாட்சி கெட்டுப்போகும் என்று பயந்தேன். வேறு கடைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். போனால் கணவரிடம் சொல்ல வேண்டும். அவருடைய காலுக்காக வாங்கின வண்டி. ஓட்டை வண்டியை வாங்கிவிட்டோம் என்று அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலையே குவாலிட்டி செக்கிங். ஒரு பீஸ் மயிரிழை கோணலாக இருந்தாலும் சிவப்பு மை வைத்துத் தள்ளி வைத்துவிடுவேன். யார் வந்து கெஞ்சினாலும் விடமாட்டேன். அந்தக் கண்டிப்பெல்லாம் கம்பெனி கேட்டோடு நின்றுவிட்டது.

பாயிடம் போகிறதை விட்டுவிட்டு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். உபவாச ஜெபத்தில் கொடுத்த ஜெப எண்ணெயை எடுத்து முன் சக்கரம் இரண்டிலும் பூசினேன். ஸ்டீரிங்கிலும் பூசினேன். மறுநாள் காலையில் ஆவடி சிக்னலில் திருப்பும்போது ஸ்டீரிங் கையில் நிற்காமல் வழுக்கியது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் என்னென்னவோ சொன்னார். துப்பட்டாவால் துடைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆண்டவரே சிரித்திருப்பார்.

அந்தப் புத்தாண்டுக்குச் சபையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை டாஷ்போர்டில் ஒட்டியிருந்தேன். நீ வழி விலகும்போது பின்னாலிருந்து ஒரு குரல் உனக்கு வழியைச் சொல்லும் என்ற கருத்துள்ள வசனம். தினமும் அதைப் பார்த்து ஆமென் சொல்லிவிட்டுத்தான் சாவி போடுவேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வேப்பம்பட்டில் சபை உபவாச ஜெபம். காலையில் எழுந்து முழங்காலில் நின்றேன். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஆண்டவரே. திங்கக்கிழமை வண்டியை விட்டுடுறேன். என் சாட்சி கெடாம காப்பாத்துங்க." இவ்வளவுதான் என் ஜெபம். மகளின் உயிரைக் காக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கணவரைக் காக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என் சாட்சிக்காகக் கேட்டேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

கிளம்பினோம். இவர் என் பக்கத்தில், ஷாரன் அவருக்குப் பின்னால், அங்கிள் எனக்குப் பின்னால். திருநின்றவூர் தாண்டினதும் ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. வேகம் அறுபதைத் தொட்டிருக்கும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முன்னால் இடது ஓரத்தில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் வெட்டிக் கம்பி கட்டியிருந்தார்கள். கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தடுப்பு என்று ஒரு டிரம், ஒரு ரிப்பன். நான் வலது பக்கம் இறுக்கிப் பிடித்தேன். தோள் விண்ணென்று தெறித்தது.

"ஹோல்டான்! ஹோல்டான்!"

பின்னாலிருந்து அங்கிள் போட்ட சத்தம். கூடவே கையால் கார் கூரையில் தட் தட் என்று இரண்டு அடி. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர் போடுகிற சத்தம் அது. சென்னையில் பஸ் ஏறினவர்களுக்கெல்லாம் அது பழக்கம். நான் யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. லாரி வலது பக்கமாக ஒதுங்கி, திட்டிக்கொண்டே கடந்து போனது. எங்கள் வண்டி வேகம் குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்து, அப்புறம் தடாரென்று இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் திரும்பவில்லை. தரையில் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரம் பிசகின கால் மாதிரி வெளிப் பக்கம் மடங்கிக் கிடந்தது. அதற்கு முன்னால் நாலு அடியில் பள்ளம். ஷாரன் உட்கார்ந்திருந்த பக்கம்தான். அறுபதில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படி அங்கிள் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முப்பது வருசம் பின்னாடியே நின்னுகினு வந்தவன்மா நானு. பள்ளத்துல தட்டற சத்தத்த மூணு வாரமா கேட்டுகினுதான் கீறேன். இன்னிக்கு நல்ல ரோட்லயும் தட்டிச்சு. மனசு கேக்கல, கத்திட்டேன்."

"மூணு வாரமாவா? ஏன் அங்கிள் சொல்லல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ மைக்ல அழுதுகினே சொன்ன சாட்சிம்மா அது. நான் போய் வண்டில கொறை கீதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? உன் மனசு நோவுமேன்னு வாய மூடிகினேன்."

என் கணவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஜூலையிலேயே தெரியும் ரூபி. கூடம் கோணல்னு சிரிச்சேனே, அப்புறம்தான் புரிஞ்சுது. என் காலுக்காக நீ பட்ட பாட்டைப் பார்த்துட்டு, நான் எந்த வாயால குறை சொல்வேன்?"

அப்போதுதான் ஷாரன் வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "எனக்கும் தெரியும்மா. நான் வண்டியில தூங்கவே மாட்டேன். கண்ண மூடிட்டு ஜெபம் பண்ணிட்டு வருவேன். அம்மாவுக்கு யாராவது சொல்லணும் ஆண்டவரேன்னு கேப்பேன்."

ஒரு காரில் நாலு பேர். நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் சாட்சிக்காக நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு பள்ளத்தை நோக்கிப் போயிருக்கிறோம். நான் வாய்விட்டு அழுதேன். யாராவது சொல்ல வேண்டும் என்று என் பிள்ளை கேட்டாள். ஆண்டவர் அவளுக்குப் பக்கத்திலேயே ஒருவரை உட்கார வைத்திருந்தார். அட்டையைத் தினமும் பார்த்த நான் ஒருநாளாவது பின்னால் திரும்பிப் பார்த்தேனா?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாய் கடைக்கே வந்தோம். பாய் சக்கரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க சாமி உங்கள நல்லாத்தான் பார்த்துக்கிறார்க்கா. ஆனா நட்டு போல்ட்டெல்லாம் எங்கிட்ட உட்ருக்காரு. அத்தயும் கொஞ்சம் நெனப்புல வெச்சுக்கோ" என்றார். அதைவிட நல்ல பிரசங்கம் அந்த மாதம் நான் கேட்கவில்லை.

"சக்கரத்தக் கழட்டி, அப்படியே வாசல்ல நிறுத்துங்க பாய். நாளைக்கு எல்லாரும் பார்க்கட்டும்" என்றேன்.

மறுநாள் சபைக்கு வந்த எல்லோரும் கர்த்தர் கொடுத்த வண்டி ஜாக்கி மேல் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தார்கள். நான் பாஸ்டரிடம் மைக் கேட்டு வாங்கினேன். எண்ணெய் பூசினது உட்பட ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணெய் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஷாரன் ஜெபித்ததையும் சொன்னேன். யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. இத்தனை மாதம் நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

ஆராதனை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது ஒரு சகோதரி என் பக்கத்தில் வந்து நின்றார். பெயர் வேண்டாம். கணவர் குடியை விட்டுவிட்டார் என்று அவரும் ஒருகாலத்தில் சாட்சி சொன்னவர்தான். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாருக்கா. ஆறு மாசமாச்சு. சாட்சி சொல்லிட்டேனே, எப்படி வெளியில சொல்றதுன்னு..." அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபித்தேன். அந்த வாரமே பாஸ்டரும் அங்கிளும் போய் அவர் கணவரைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு வரச் சம்மதித்திருக்கிறார். அவருக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

சாட்சி கெடாமல் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்டேனே, அதையும் ஆண்டவர் தள்ளவில்லை. உண்மையைச் சொல்ல வைத்துத்தான் என் சாட்சியைக் காப்பாற்றினார். வண்டி இப்போது நேராக ஓடுகிறது. தோள்வலி போய்விட்டது. கர்த்தர் கொடுத்த வண்டிதான் அது, இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாய் கடையில் எல்லோருக்கும் தெரியவே நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

பிரியமானவர்களே, சாட்சி சொன்ன பிறகு உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டிருக்கலாம். தனியாக மல்லுக்கட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர் சொன்னால் கேளுங்கள். நம்மைப் படைத்த ஆண்டவருக்கு நம்முடைய குறை புதிதல்ல.

பாயிடமிருந்து வண்டி வந்த முதல் ஞாயிறு, நான் சாவியைப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஷாரன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். பின்னாலிருந்து அங்கிள் கூரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"