ஸாலிஹாவின் குளிர் அறை

மூதூர் கலீலுர் றஹ்மானுக்கு நான் எண்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். எல்லாம் சீமெந்துக் கடன். சண்டைக்குள் சம்பூரிலிருந்து எங்களை எழுப்பி, ஆண்டுக்கணக்காக முகாம்களில் வைத்து, பிறகு போங்கள் என்று விட்டபோது என் காணியில் வீடும் இல்லை, கிணறும் இல்லை. சீமெந்துக்கடை வைத்திருந்த அந்த மனிதர் மட்டும்தான், "தம்பிராசா அண்ணன், கொண்டு போங்க, இருக்கிற நேரம் தாங்க" என்றார். நான் அடைக்கும் முன்னரே மாரடைப்பில் போய்விட்டார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மண் சுமந்து, சாந்து குழைத்து, ஒருவரும் சொல்லித்தராமல் மேசன் ஆனவன். இன்றைக்கு சம்பூரிலிருந்து மூதூர் வரை நான் வைத்த கல் இல்லாத தெரு இல்லை. என் கதை கிடக்கட்டும். சொல்ல வந்தது றஹ்மானின் மனைவி ஸாலிஹாவைப் பற்றி.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடனைக் கேட்கப்போகிறாள் என்று வெறுங்கையோடு போய் நின்றேன்.

"காசு வேணாம் அண்ணே. வீட்டுக்கு வடக்கால ஒரு அறை கட்டித் தாங்க. காளான் போடப்போறன்."

"காளானா? தங்கச்சி, கச்சான் காத்து அடிச்சா இங்க மனுசரே காய்ஞ்சு போறம்."

"அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்ட. பெரிய மேசன் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறீங்க, ஒரு குளிர் அறை கட்ட ஏலாதா?"

கட்டினேன். சீமெந்துக் கல் வேண்டாம் என்றேன். அது பகலில் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கும். செங்கல் வைத்து உட்புறம் பூசாமல் விட்டேன். நனைத்தால் கல் தண்ணீர் குடித்து நிற்கும். தரைக்கு ஆற்று மணல், கூரைத் தகட்டுக்கு மேல் தென்னோலைக் கிடுகு, சுவரின் அடியிலும் உச்சியிலும் வலை அடித்த காற்றுத் துவாரங்கள். கச்சான் வருகிற தென்மேற்குப் பக்கம் ஒரு துவாரமும் வைக்கவில்லை. அப்படியொரு அறையை இந்த மாவட்டத்தில் வேறு யார் கட்டியிருக்கிறார்கள், காட்டுங்கள்.

அறையைத்தான் நான் கட்டினேன். குளிரை அவள்தான் செய்தாள். மரத்தூளும் தவிடும் அடைத்து வித்துப் போட்ட பைகள் வரிசையாகத் தொங்கின. சுவரில் சூட்டையும் ஈரத்தையும் காட்டும் சின்ன மீற்றர். சூடு முப்பதைத் தாண்டக்கூடாது, ஈரம் எண்பதுக்குக் கீழே இறங்கக்கூடாது. கச்சான் நாட்களில் நனைத்த சாக்குகளைச் சுவரெல்லாம் தொங்கவிடுவாள், மணலுக்குத் தெளிப்பாள், மீற்றரைப் பார்ப்பாள், திரும்ப நனைப்பாள். மாரியில் ஈரம் மிஞ்சிப் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது சாக்குகளைக் கழற்றித் துவாரங்களைத் திறந்துவிடுவாள். தண்டு நீண்டு குடை சிறுத்தால், "இதுகளுக்கு மூச்சு முட்டுது" என்று கதவைத் திறந்து வைப்பாள். கலியாண வீட்டுக்குப் போனாலும் பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடி வருவாள்.

அயலுக்கு அது பெரிய சிரிப்பு. "புருசன் இருக்கக்குள்ள ஒரு நாள் விசிறினவளா? இப்ப காளானுக்கு விசிறுறா."

"அவர் குறட்டை விட்டார். இதுகள் சோறு போடுது" என்பாள் ஸாலிஹா.

காலை பஸ்ஸில் காளான் பெட்டி திருகோணமலைச் சந்தைக்கும் உப்புவெளி விடுதிகளுக்கும் போகும். அந்தக் காசில் கடையின் கடன்களை அடைத்தாள், மகள் அம்ராவைப் படிப்பித்தாள்.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. கொடுத்துவிட்டுத் தாய் பின்பக்கம் ஒதுங்கவேண்டும். எங்கள் ஆட்களிடமும் அதே சட்டம்தான். ஸாலிஹாவும் அதற்கு மறுப்புச் சொன்னவள் அல்ல. வீடு முழுக்க மகளுக்கு, வடக்கு அறை மட்டும் தனக்கு என்று இருந்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆடிக் கச்சானில் கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பஹ்மி, அவனுடைய தாய், தாய்மாமன் முனாப். நான் அன்று அங்கே கிணற்றுக்கட்டுப் பூசிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. விறாந்தையில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. ஸாலிஹாவுக்குத் தன் கெட்டித்தனத்தைக் காட்டும் ஆசை வந்துவிட்டது. "வாங்க, கொஞ்சம் குளிரா நிப்பம்" என்று அவர்களை வடக்கு அறைக்குக் கூட்டிப்போனாள்.

அந்தத் தாய் உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "அல்லாஹ், என்ன குளிர்! மகன், இந்த அறை உங்களுக்குத்தான்."

"இது காளான் அறை ராத்தா. முன்னால ரெண்டு அறை இரிக்கி."

"காளானுக்கு எங்கயும் கொட்டில் போடலாம். மாப்பிள்ளையக் கொட்டிலுக்குள்ள போடவா?"

என்னால் கேட்டுக்கொண்டு நிற்க ஏலவில்லை. "இது அறைட குளிர் இல்ல, தண்ணி ஊத்தி ஊத்திச் செய்யிற குளிர். சாக்கக் கழட்டிப் பூசினா இதுவும் மற்ற அறை மாதிரித்தான்" என்றேன்.

முனாப் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மேசன், நீங்க கல்லு வைக்க வந்தீங்களா, கலியாணம் பேச வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பிறக்கும் முன்னரே வீடு கட்டியவன் நான். கிணற்றடிக்குத் திரும்பிச் சாந்தைக் குழைத்தேன்.

அவர்கள் போனதும் ஸாலிஹா மகளைக் கேட்டாள். "புள்ள, நீ செல்லு. அறைய விடவா, மாப்பிள்ளைய விடவா?"

அம்ரா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "காளான் திரும்பவும் போடலாம்தானே உம்மா" என்றாள். அவள் காதில் கிடந்த தோடு காளானில் வந்தது.

சமையல் குசினிக்குப் பின்னால்தான் இடம் இருந்தது. அங்கே கிடுகுக் கொட்டில் போட்டுப் பைகளை மாற்றினோம். மேற்கே வெட்டவெளி, கச்சான் நேரே உள்ளே புகுந்தது. எத்தனை வாளி ஊற்றியும் ஈரம் ஐம்பதைத் தாண்டவில்லை. மொட்டுகள் ஊசித்தலை அளவிலேயே மஞ்சளாகிக் கருகின. பைகளை வெட்டித் தென்னைக்குக் கொட்டினாள்.

நான் கட்டியதை நானே கெடுத்தேன். துவாரங்களை அடைத்தேன், சுவரைப் பூசினேன், மணலை அள்ளிவிட்டு மாபிள் பதித்தேன். பெயின்ற் காய்ந்ததும் பஹ்மி பார்க்க வந்தான். நடுவில் நின்று கழுத்தைத் துடைத்தான்.

"என்ன மேசன், உம்மா குளிர் எண்டு சென்னா. வெக்கை அடிக்கிது."

"அண்டைக்கே சொன்னனான் தம்பி."

"பூச்சில ஏதோ பிழை விட்டிருக்கீங்க." ஸாலிஹாவின் பக்கம் திரும்பினான். "பரவாயில்ல மாமி, ஒரு ஏசி பூட்டினாச் சரி."

யாருடைய காசில் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் பூச்சில் பிழை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அவன் போனபின் சுவர் பூசும் சாந்தகப்பையைக் கழுவிப் பையில் போட்டேன். இந்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்றேன்.

"கடன் அந்த அறை கட்டினதோட முடிஞ்சிது அண்ணே. கைய நீட்டுங்க."

"ஏசிக்கு வை தங்கச்சி."

"அதுக்குப் பின் வளவை ஈடு வைக்கிறன். இது காளான்ட காசு. இதில ஒரு சதம் அந்த ஏசிக்குப் போகாது."

கையை நீட்டினேன். கடைசியாக விற்ற காளானின் காசு, ஐந்நூறும் நூறுமாக இருந்தது. ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தாள்.