கூடமாட ஒத்தாசை

தேநீர்க் கோப்பையின் தகர மூடியை எடுத்து மேசையில் ‘டொக்’ என்று தட்டினார் ரெத்னோவதி அம்மா. எதிரே இருந்த மாணவி லஸ்திரி பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டாள்.

“சொன்னியா? மறுபடியும் அதையே சொன்னியா?”

லஸ்திரி பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. “நான் சும்மா கூடமாட ஒத்தாசை பண்ணேம்மா” என்றாள், அவ்வளவுதான். ஜாவாவின் யோக்யகர்த்தாக்காரர்களுக்கு இது பிறவிக் குணம். ஒற்றை ஆளாக வீட்டையே கட்டி முடித்தவன்கூட, செங்கல் எடுத்துக் கொடுத்ததாகத்தான் சொல்வான். ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள்.

படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகளைத் தொண்டு நிறுவனங்களில் சேர்த்துவிடுவது பல்கலைக்கழகத்தில் அம்மாவின் உத்தியோகம். கம்பெனிக்காரன் ‘அனுபவம் உண்டா?’ என்று கேட்கும்போது பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. போனிலேயே முடிக்கக்கூடிய காரியம். அம்மாவோ ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். எந்த இல்லத்துக்குப் போனாலும் நேரே அடுக்களைக்குத்தான் நுழைவார். “முன்னாடி பேனரும் போட்டோவும்தான் இருக்கும். பின்னாடி போய்ப் பாத்தாத்தான் எங்க ஆள் வேணும்னு தெரியும்.” கைப்பையில் எப்போதும் தெம்பே என்கிற வறுத்த சோயா வில்லைப் பொட்டலம் ஒன்று இருக்கும். பிள்ளைகளின் காதல் விவகாரம்வரை துருவிக் கேட்காமல் விடமாட்டார். அது கொஞ்சம் அதிகம்தான்.

லஸ்திரியை அவர் சேர்த்துவிட்டது சுமர்னோ நடத்தும் விடுதியில். வெளியூரிலிருந்து குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு அங்கே தங்க இடமும் சாப்பாடும் உண்டு. வெள்ளிக்கிழமை தானம் விசேஷம் என்று ஊரே அன்றைக்குச் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து குவிக்கும். மிச்சம் ஊசிப்போகும். செவ்வாய், புதனில் அடுப்பு எரியாது. லஸ்திரி தானம் தருகிறவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கி, யார் மனமும் கோணாமல் ஆளுக்கொரு கிழமைக்குச் சம்மதிக்க வைத்தாள். இப்போது அங்கே எல்லா நாளும் சாப்பாடு உண்டு.

இத்தனையும் செய்தவள், நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் ‘கூடமாட இருந்தேன்’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். நாளைக்கு ஒரு கூரியர் கம்பெனி கூப்பிட்டிருந்தது; இந்த ஒத்திகை அதற்குத்தான். அதுவும் கைவிட்டுப் போனால், ஊரில் மாமாவின் சிமெண்டுக் கடைதான்.

“கிழமையை மாத்த வச்சது யாரு?” அம்மா விடவில்லை.

“எல்லாருமாச் சேர்ந்து...”

டொக்.

“சுமர்னோ ஐயாதான் முதல்ல...”

டொக். “அந்த மனுஷன் வெள்ளிக்கிழமைச் சோத்தைக் குப்பையில கொட்டிட்டு உக்காந்து அழுதாரு. நான் பாத்தேன். நீ சொல்லு கண்ணு. இது பெருமை பீத்திக்கிறது இல்ல. நடந்ததைச் சொல்றே, அவ்வளவுதான்.”

“நான்தாம்மா” என்றாள் லஸ்திரி. சொன்ன மாத்திரத்தில் அழுதுவிட்டாள். அம்மா கைப்பையைத் திறந்தார். தெம்பே பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

வேலை கிடைத்துவிட்டது. சுமர்னோ இனிப்பு வாங்கிக்கொண்டு, லஸ்திரியையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“எங்க பொண்ணைத் தேத்தி விட்டுட்டீங்களேம்மா!”

“அட, நான் என்னங்க பண்ணேன்? சும்மா கூடமாட...”

லஸ்திரி மரியாதையாக உடம்பை வளைத்து, வலது கையை நீட்டி, கோப்பையின் மூடியை எடுத்து மேசையில் தட்டினாள்.