பழசாக்குவதற்கு ஒரு புதுக் கார்

பூமி இன்னும் நிற்காமல் சுற்றுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம், அதை நிறுத்த வேண்டும் என்று என் அத்தை இதுவரை நினைக்கவில்லை. காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் நின்றுவிடும். நிலா வந்து பின்னால் மோதும். அத்தை இறங்கிப் போய் நிலாவிடம், "இடைவெளி விட்டு வரத் தெரியாதா? யார்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்ட?" என்று கேட்பாள்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது வேலை. ஸ்டியரிங் எப்போதும் கற்றுக்கொள்கிறவர் கையில்தான். பக்கத்து சீட்டில் உட்காருகிற அத்தைக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, வாயில் தனியாக ஒரு ஹாரன் உண்டு. அந்த பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது பிரேக் இல்லாத இடத்திலும் கால் போகிறது. பஸ்ஸில் போனால் மிதிப்பாள். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தால் மிதிப்பாள். டிவியில் எவனோ எவனையோ காரில் துரத்தினால் இங்கே சோபாவுக்கு முன்னால் தரையில் தொம் என்று ஒரு உதை விழும். எங்கள் வீட்டு டீப்பாய் சுவரோரம் ஒதுங்கிப் போனது அப்படித்தான். தெருவில் எல்லோரும் பிரேக் அத்தை என்பார்கள். அந்தப் பெயரை வைத்த மகராசி நான். எனக்கு அவள் வைத்த பெயர் வாலு. கணக்கு நேராகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கணக்கு எனக்கு அந்த அளவுக்கு நேராவதில்லை.

டிரைவிங் ஸ்கூல் கார் முதலாளியுடையது. அதைக் கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். பக்கத்து சீட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் வெளியே வந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நலம் விசாரிக்கும். அதில்தான் அத்தை பாதி ஆயுளை உட்கார்ந்தே ஓட்டியிருக்கிறாள், அதாவது ஓட்டாமல்.

அந்த அத்தை ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் கார் வாங்கப் போறேன். புதுசு," என்றாள்.

அப்பா மெக்கானிக். சொந்தமாக ஒரு ஒர்க்ஷாப். புதுக் கார் என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது.

"புதுசு எதுக்கு? ஒர்க்ஷாப்ல ஒண்ணு நிக்குது. உனக்குன்னுதான் இன்ஜினை இறக்கிச் சரி பண்ணி வச்சிருக்கேன். ஒரே ஓனர். டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாராம்."

"ஊர்ல விக்கிற அத்தனை பழைய காரையும் அந்த ஒரு டாக்டர்தான் வச்சிருந்திருக்கார்ண்ணா. எப்ப வைத்தியம் பார்த்தாரு பாவம்?"

"சிரிச்சு மழுப்பாத. வருஷா வருஷம் புதுக் கார் விலை ஏறிட்டே போகுது. ஏறின விலைக்கு என்ன கூடுது? தகரம் மெலிசாகுது, டிவி பெருசாகுது. ஷோரூம் கேட்டைத் தாண்டினவுடனே கால்வாசி விலை காத்துல போயிடும், தெரியும்ல?"

"போகட்டும். நான் என்ன விக்கவா வாங்கறேன்?"

"மனசாட்சியோட சொல்லு. அது குடுக்கிற காசுக்குப் பெறுமா?"

அத்தை கையைக் கழுவிவிட்டு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் குரலை உயர்த்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"அண்ணா, நான் படிச்சது நீ படிச்சு முடிச்ச புஸ்தகம். அதுல ராஜாக்களுக்கெல்லாம் நீ மீசை வரைஞ்சு வச்சிருந்த. ராணிக்கும். ஓட்டினது நீ ஓட்டி முடிச்ச சைக்கிள். அக்கா போட்ட சட்டை, அக்கா போட்ட செருப்பு. அந்தச் செருப்புல அவ கால் பதிஞ்ச பள்ளத்துலதான் என் கால் இருந்தது. வேலைக்கு வந்தா இன்னொருத்தர் உக்காந்து ஸ்பிரிங் வெளிய வந்த சீட்டு. எனக்குக் கிடைச்ச எல்லாத்தையும் யாரோ முன்னாடியே பழசாக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணை நானே பழசாக்கணும். அவ்வளவுதான்."

அப்பா சாம்பாரில் எதையோ தொலைத்தவர் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் வர்றேன் ஷோரூமுக்கு," என்றார். தடுக்கத்தான் வந்தார். நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

ஷோரூம் தரையில் முகம் தெரிந்தது. டை கட்டிய ஒரு அண்ணன் ஓடி வந்து அப்பாவுக்குக் கை கொடுத்தார். "சாருக்கு என்ன பட்ஜெட்?"

"சார் தண்ணி குடிக்க வந்திருக்கார். கார் எனக்கு," என்றாள் அத்தை.

டை அண்ணன் அத்தையிடம் திரும்பிப் பேசினார், ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேல் மாடலில் கோடு தாண்டினால் கத்துமாம். கொட்டாவி விட்டால் டீ குடிக்கச் சொல்லுமாம். அடுத்த மாதம் விலை ஏறுகிறதாம்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்கன்னு எங்க முதலாளி சொன்னார்."

"போன மாசமும் ஏறிச்சு மேடம்," என்றார் அவர். பொய் சொல்லாத ஆள்தான்.

"சரி, எதுக்கு ஏத்துறீங்க?"

"பாதுகாப்பு மேடம். முன்னாடி ஏதாவது வந்தா, நீங்க காலைத் தூக்கறதுக்குள்ள காரே பிரேக் பிடிச்சிரும். மனுஷக் காலை விட வேகம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா? உன்னையே சின்னதாக்கி உள்ள வச்சு, உன்கிட்டயே விலையை ஏத்தி விக்கிறாங்க."

அத்தை அதற்குச் சிரிக்கவில்லை. அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் ஏதாவது செய்துவிடுவேன். என் பையில் டிரைவிங் ஸ்கூலின் காந்தம் வைத்த எல் போர்டு ஒன்று இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். வெளியே ஓட்டிப்பார்க்க நிறுத்தியிருந்த மேல் மாடல் காரின் முதுகில் சத்தமில்லாமல் அதை ஒட்டினேன். கொஞ்சம் சிரித்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று நினைப்பு.

அதற்குள் முன்பக்கம் அதைவிடப் பெரிய கூத்து. அத்தை பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டாள். மேடம் முதலில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று டை அண்ணன் ஸ்டியரிங் பக்கம் ஏறினார். நானும் அப்பாவும் பின்னால்.

"கண்ணாடியைச் சரி பண்ணுங்க," என்றாள் அத்தை. அவர் சரி பண்ணினார். "பெல்ட்." போட்டார். "தலையைத் திருப்பிப் பார்த்துட்டு எடுங்க. கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க." திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்தார். கேட் அருகே ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அத்தை தரையில் தொம் என்று மிதித்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மிதித்த காலைப் பார்த்தாள். அப்புறம்தான் உறைத்தது, கார் வாங்க வந்தது தான்தான் என்று.

"தம்பி, இறங்குங்க. நான் ஓட்டணும்."

"நானே கேக்கலாம்னு இருந்தேன் மேடம். நல்லா சொல்லிக் குடுத்தீங்க."

இடம் மாறினார்கள். அத்தை ஸ்டியரிங்கில் கை வைத்ததும் பின்சீட்டில் இருந்த எனக்குப் புல்லரித்தது. இதை அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். அவள் ஓட்டுவதை நான் பார்த்ததே இல்லை. தண்ணீரில் எண்ணெய் போகிற மாதிரி போனாள்.

கார்தான் சும்மா இருக்கவில்லை. பீப் என்றது. "கோட்டுலதான் இருக்கேன், கத்தாத," என்றாள் அத்தை. மறுபடி பீப். "உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்." எனக்கு வயிறு வலித்தது, சிரிப்பை அடக்கி.

பெரிய சாலையில் ஒரு காலி அட்டைப்பெட்டி காற்றில் உருண்டு வந்தது. அத்தை காலை லேசாக எடுத்து, அது ஓரமாகப் போக வழி விட்டுக்கொண்டிருந்தாள். காருக்கு என்ன தோன்றியதோ, சடாரென்று தானே பிரேக் அடித்தது. நான்கு தலையும் முன்னால் போய்த் திரும்பி வந்தன. பின்னால் ஒரு லாரி. நல்லவேளை, அது மிகவும் தள்ளி வந்ததால் நிதானமாக நின்றது. லாரிக்காரர் பக்கத்தில் கொண்டுவந்து தலையை நீட்டினார்.

"புதுசா கத்துக்கறீங்களாக்கா? பயப்படாதீங்க. போர்டைப் பாத்துட்டுத்தான் தள்ளியே வந்தேன்."

பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளைப் பார்த்து. அத்தை ஓரம் கட்டி இறங்கினாள். பின்னால் போனாள். எல் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். அவள் போர்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திட்டவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எல்லோரும் எனக்கு ஒதுங்கி வழிவிட்டபோதுதான், என் புத்தகப்பை முதுகில் சேஃப்டி பின் குத்தி அது தொங்குகிறது என்று தெரிந்தது.

"சென்சார் கொஞ்சம் அப்படித்தான் மேடம்," என்றார் டை அண்ணன், நாங்கள் ஷோரூமுக்குத் திரும்பி வந்ததும்.

"அதைக் குத்தம் சொல்லலை தம்பி. புதுசா ஓட்டறவங்களுக்கு நல்லதுதான். எத்தனையோ உயிரைக் காப்பாத்தும். ஆனா முன்னாடி வர்ற பெட்டியைப் பாத்துச்சு, பின்னாடி வர்ற லாரியைப் பாக்கலை. நான் ரெண்டையும் பாத்துட்டு இருந்தேன். எனக்குக் காரை மட்டும் குடுங்க, வாத்தியாரை எடுத்துட்டுக் குடுங்க."

"அப்படின்னா அடி மாடல்தான் மேடம். பின்கதவுக் கண்ணாடியைக் கையாலதான் சுத்தி இறக்கணும்."

"கை இருக்கு."

"பாட்டு சுமாராத்தான் கேக்கும்."

"என் பக்கத்துல ஒருத்தி உக்காருவா. அவ வாயை மூட மாட்டா."

"ஏர்பேக்?" என்று அப்பா குறுக்கே கேட்டார். எல்லா மாடலிலும் உண்டு என்றார் டை அண்ணன். அப்பா விடவில்லை. "அடி மாடலுக்கு இந்த விலையா? மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே விலைக்கு மேல் மாடலே வந்திருக்கும்மா. கேட்டுப் பாரு."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வழி இல்லண்ணா. இப்ப இருக்கு. இன்னும் மூணு வருஷம் காத்திருந்தா, இதே விலைக்கு நாலு சக்கரமும் ஒரு நாற்காலியும் குடுப்பாங்க."

அப்பா போய் அந்தக் காரைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். டிக்கியைத் திறந்தார். மேல் மாடலில் மாற்றுச் சக்கரத்துக்குப் பதில் பஞ்சர் அடைக்க ஒரு பசை டப்பாதான் கொடுத்திருந்தார்கள். இதில் முழுசாக, கருப்பாக, கொழுக்கட்டை மாதிரி ஒரு ஸ்டெப்னி படுத்திருந்தது. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு நேரத்தில் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

"ம். இதுக்கு வேணா காசு குடுக்கலாம்," என்றார்.

பெறுமா பெறாதா என்று இன்றுவரை தெருவில் சண்டை நடக்கிறது. டீக்கடைக்காரர் பழசுக் கட்சி. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா புதுசுக் கட்சி. நானும் வெளியில் அப்பா கட்சிதான். "இந்த விலைக்கு யானையே வாங்கலாம், அதுக்குப் பெட்ரோலும் வேணாம்," என்று அத்தை காதில் விழுகிற மாதிரி சொல்வேன்.

அத்தை எதற்கும் மசியவில்லை. கார் வீட்டுக்கு வந்த அன்றே சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறிந்தாள். "அழுக்காயிடும்மா," என்று அப்பா பதறினார். "ஆகட்டும். அதுக்குத்தான் வாங்கினேன்," என்றாள். கதவில் முதல் கீறல் விழுந்தபோது தடவிப் பார்த்து, "இது என் வளையல் பட்டது," என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒரு சுற்று போவாள். எங்கேயும் இல்லை, சும்மா. ஸ்டியரிங் பக்கம் அவள். பக்கத்து சீட்டில் வாயை மூடாத ஒருத்தி. எனக்கு வேறு வேலை இல்லாததால்தான் போகிறேன்.

போன வாரம் காரைத் துடைக்கும்போது தரையில் கிடந்த ரப்பர் மிதியடிகளை வெளியே எடுத்துத் தட்டினாள். ஸ்டியரிங் பக்கம் இருந்த மிதியடி புதிது போல இருந்தது. பக்கத்து சீட்டு மிதியடியைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வலது கால் படுகிற இடத்தில் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

நான் நைசாக நழுவப் பார்த்தேன்.

"நில்லுடி வாலு. இந்தப் பக்கம் யாரு உக்காருறா?"

"வண்டி ஆடுதுல்ல. அதான் கால் ஊனினேன்."

"ஒவ்வொரு திருப்பத்துலயும் தொம்முன்னு ஒரு சத்தம் கேக்குது. இன்ஜின்தானோன்னு உங்கப்பாகிட்ட காட்டச் சொல்லலாம்னு இருந்தேன்." மிதியடியைத் தன் மூக்குக்கு நேராகப் பிடித்து அந்தப் பள்ளத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "எனக்கு என்னவோ ஆயிடும்னு தினமும் நீ பிரேக் பிடிச்சிட்டு வர்றியா?"

நான் மரத்தைப் பார்த்தேன். அங்கே மரம் இல்லை.

"நான் பழசாக்கணும்னு வாங்கின கார்டி இது," என்றாள் அத்தை. "நீ ஏன் முந்திக்கிட்ட?"