பனி தள்ளும் தெருக்களின் பட்டியல்

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்த ஊர்ச்சபை போன்ற சின்ன ரவுன்ஷிப் கவுன்சில் ஒன்றில் நான் உதவிக் கிளார்க். நகரத்தின் டோர்செட் பார்க் பகுதியிலிருந்து தினமும் போய் வருவேன். கவுன்சிலர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் விவசாயிகள். தெரு, மதகு, குப்பை எல்லாம் எங்கள் தலையில்தான்.

ஒரு ஜனவரியில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஒரு மனு வந்து சேர்ந்தது. எழுதியவர் சிவபாதம். எழுதியது பிரதமருக்கு. அங்கிருந்து மாகாணத்துக்குப் போய், மாகாணம் எங்களுக்கு அனுப்பியிருந்தது. மனிதர் எங்கள் கந்தோரிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார்! மனைவிக்குக் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ். பனி தள்ளும் லொறி அவர் வீட்டுக்கு அரை மைல் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. அந்த மாதம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

போன் எடுத்தேன்.

"அண்ணை, உதுக்கு ஏன் பிரதமருக்கு எழுதினனீங்கள்? றோட்டு எங்கட கவுன்சிலின்ர."

"பெரியவையே ஒண்டும் செய்யேல்லை, தம்பி. உந்தச் சின்னக் கவுன்சில் என்னத்தைக் கிழிக்கப் போகுது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் நானும் ஊரில் ஓர் இடமாற்றத்துக்காக மந்திரிக்கே எழுதியவன். மனு என்றால் நாங்கள் உச்சியிலிருந்துதான் தொடங்குவோம்.

"செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூட்டம். பத்து நிமிஷம் கதைக்கலாம். பேரைப் பதிஞ்சு விடுறன், வாங்கோ" என்றேன்.

கோட்டும் ரையுமாக வந்தார். கையில் மூன்று பக்க ஆங்கிலப் பேச்சு. முதற்பக்கம் முழுக்கக் கவுன்சிலின் புகழ். மாட்டுப் பண்ணை வைத்திருந்த கவுன்சிலர் இடையில் மறித்து, மனைவி காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

சிவபாதம் அண்ணைக்கு ஆங்கிலம் நின்றுவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"ஆறரைக்கு. போன கிழமை கார் பனியில இறுகிப்போச்சு. அவவைப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். நடக்க ஏலாமல் பனிக்குள்ளேயே இருந்திட்டா."

மொழிபெயர்த்தேன். கவுன்சிலர் தெருப் பொறுப்பாளரின் பக்கம் திரும்பினார். அவர் தன் பட்டியலை நீட்டினார். அந்த அரை மைலுக்கு எதிரே "குடியிருப்பு இல்லை" என்று இருந்தது. இதை யார் போட்டது என்று கேட்டார் கவுன்சிலர்.

நான்தான். ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அந்தப் பட்டியலைத் தட்டச்சில் அடிப்பது என் வேலை. பழையதைப் பார்த்து அப்படியே அடித்துவிடுவேன். அவர்கள் அங்கே குடிவந்து இரண்டு வருஷம். அவர்களுடைய வீட்டு வரிப் பில்லை அனுப்பியதும் இதே கைதான்.

எழுந்து சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு அவருக்குத் தமிழில்.  அந்த அரை மைலையும் பட்டியலில் சேர்க்க ஐந்து பேரும் கை உயர்த்தினார்கள். மறுநாள் விடியவே லொறி அவர் வீட்டுப் படலை வரை போனது.

கந்தோர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டியலை அடிக்க முதல் தெருவைப் போய்ப் பாருங்கள். அதன் பிறகு நான் பார்க்காமல் அடித்ததில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவரை மறித்தேன்.

"அண்ணை, பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கார்க் கதவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"என்னட்டை ஏன் கேக்கிறீர்? வீட்டை வந்து அவவிட்டைக் கேளும். பனிக்குள்ள இருந்தது அவ."